பேக்கப் சர்வர் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது: இன்ஸ்டன்ட் ரெக்கவரியில் ஓடிய விஎம்களை எப்படி மீட்பது

விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) பேக்கப்பிலிருந்தே நேராக ஓடவிடுவதுதான் இன்ஸ்டன்ட் ரெக்கவரி. அப்படி ஓடும் விஎம்கள், பேக்கப் சர்வர் ரீஸ்டார்ட் ஆனதும் நடுவில் தொங்கிப்போகும் சிக்கல் இது. எடுத்துக்காட்டுக்கு வீம் மென்பொருளையும் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டையும் (விஎம்களை ஓட்டும் சர்வர்) எடுத்துக்கொள்கிறேன். நம்மூர் டேட்டா சென்டர்களில் அதிகம் காணப்படும் ஜோடிகளில் இதுவும் ஒன்று. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் பெயர்கள்தான் மாறும், அடிப்படை மாறாது.

இன்ஸ்டன்ட் ரெக்கவரி தொடங்கியதும் பேக்கப் சர்வரில் (தனியாக மவுண்ட் சர்வர் வைத்திருந்தால் அதில்) இருக்கும் வீபவர் என்எஃப்எஸ் சர்வீஸ், பேக்கப் கோப்பை ஒரு என்எஃப்எஸ் டேட்டாஸ்டோராக (நெட்வொர்க் வழியாக எட்டும் விஎம் சேமிப்பிடமாக) ஹோஸ்டுக்குக் காட்டுகிறது. ஹோஸ்டில் அதன் பெயர் 'வீம்பேக்கப்' என்று தொடங்கி, அடிக்கோட்டுக்குப் பிறகு சர்வர் பெயரோடு முடியும். விஎம் படிப்பதெல்லாம் பேக்கப் கோப்பிலிருந்து வருகிறது. அந்தக் கோப்பில் எதுவும் எழுதப்படுவதில்லை. பயனர்கள் புதிதாகச் சேர்ப்பதும் திருத்துவதும் ரைட் கேஷ் ஃபோல்டரில் ரீடூ லாக் (மாற்றங்களை மட்டும் வைத்திருக்கும் கோப்பு) ஆகச் சேர்கின்றன. மீட்பு தொடங்கும்போதே மாற்றங்களை வேறு டேட்டாஸ்டோருக்குத் திருப்பிவிட்டிருந்தால், அங்கே ஒரு ஸ்னாப்ஷாட் டெல்டாவாகச் சேரும்.

ஆக, அந்த நேரத்தில் பேக்கப் சர்வர்தான் உங்கள் புரொடக்‌ஷன் ஸ்டோரேஜ். அதை ரீஸ்டார்ட் செய்வதும், வேலை நேரத்தில் சான் ஸ்டோரேஜின் மின்கம்பியைப் பிடுங்குவதும் ஒன்றே. இது தெரிந்தவர்கள்கூட விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவைக்க மறந்துவிடுகிறார்கள்.

முதல் சில நிமிடங்களில் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் 12 நொடிக்கு ஒருமுறை என்எஃப்எஸ் சர்வரைத் தட்டிப் பார்க்கும். 10 முறை பதில் இல்லையென்றால், கடைசியாக ஒரு 5 நொடி பார்த்துவிட்டு, மொத்தம் 125 நொடியில் டேட்டாஸ்டோரை 'கிடைக்கவில்லை' என்று குறித்துக்கொள்ளும். ஏபிடி எனப்படும் எல்லாப் பாதையும் அடைபட்ட நிலைக்கு இன்னொரு கெடு உண்டு, இயல்பாக 140 நொடி. அது முடிந்ததும் ஹோஸ்ட் தன் சொந்த வேலைகளைக் கைவிட்டுவிடும். ஆனால் விஎம்மின் படித்தல், எழுதுதல் கோரிக்கைகளை மட்டும் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். விஎம் உறைந்து நிற்கிறதே தவிர, இறக்கவில்லை. பேக்கப் சர்வர் ஏழெட்டு நிமிடத்தில் திரும்பி வந்து, அதே டேட்டாஸ்டோர் அதே கோப்புகளோடு கிடைத்துவிட்டால், பல விஎம்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அதனால்தான் உறைந்த விஎம்மை உடனே ரீசெட் செய்யக்கூடாது. ரீசெட் செய்தால் அதன் நினைவகத்தில், டிஸ்குக்குப் போகாமல் காத்திருக்கும் தரவு போய்விடும். கிளஸ்டரில் ஹெச்ஏ (விழுந்த விஎம்மை வேறு ஹோஸ்டில் தானாக எழுப்பும் வசதி) இருந்து, ஏபிடிக்கான நடவடிக்கை 'அக்ரெசிவ்' என்று வைக்கப்பட்டிருந்தால் அது இந்த வேலையை உங்களைக் கேட்காமலே செய்துவிடும். 140 நொடிக்கு மேல் இயல்பாக 3 நிமிடம் பொறுத்துவிட்டு விஎம்மை அணைத்து வேறு ஹோஸ்டில் எழுப்பப் பார்க்கும். இந்த டேட்டாஸ்டோரோ மீட்புக்குத் தேர்ந்தெடுத்த ஒரே ஹோஸ்டில்தான் மவுண்ட் ஆகியிருக்கும். எழுப்ப வேறு இடம் ஏது?

தொடக்கூடாதவை இரண்டு

வீம் கன்சோலில் இன்ஸ்டன்ட் ரெக்கவரி பகுதிக்குப் போனால் 'ஸ்டாப் பப்ளிஷிங்' என்று ஒரு பொத்தான் இருக்கும். பெயரைப் பார்த்தால் சாதுவாகத் தெரியும். அதை அழுத்தினால் மீட்பு தொடங்கியதிலிருந்து எழுதப்பட்ட அத்தனையும் அழியும். சிக்கிய மீட்பு செஷனை 'சுத்தம் செய்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம்' என்று நினைத்து இதை அழுத்துவதால் போகும் தரவு, ரீஸ்டார்ட்டால் போவதைவிட அதிகம்.

இரண்டாவது, ஷெட்யூல் செய்த பேக்கப் ஜாப்கள். இன்ஸ்டன்ட் ரெக்கவரி ஓடும்வரை அந்த ரீஸ்டோர் பாயின்ட் (எந்த நேரத்துப் பேக்கப்பிலிருந்து மீட்டீர்களோ அது) பூட்டப்பட்டிருக்கும். ஜாப் அதைத் தொட முடியாது. ரீஸ்டார்ட்டில் செஷன் விழுந்திருந்தால் அந்தப் பூட்டும் போயிருக்கலாம். அன்றிரவு ஜாப் வழக்கம்போல் ஓடி, ரிட்டென்ஷன் (எத்தனை பேக்கப் வைத்திருப்பது என்ற) கணக்குப்படி பழைய இன்கிரிமென்டை ஃபுல் பேக்கப்போடு கலந்துவிட்டால், உங்கள் ரீடூ லாக் எந்த அடித்தளத்தின்மேல் எழுதப்பட்டதோ அதுவே இல்லாமல் போகும். ஆகவே சர்வர் எழுந்து கன்சோல் திறந்தவுடன் அந்த விஎம்கள் தொடர்பான ஜாப்களை டிஸேபிள் செய்யுங்கள். அதே ரெப்பாசிட்டரியிலிருந்து (பேக்கப் கோப்புகள் இருக்கும் இடம்) எடுக்கும் காப்பி ஜாப்களையும் நிறுத்தி வையுங்கள்.

அடுத்து ரைட் கேஷ் ஃபோல்டர். மவுண்ட் சர்வரின் அமைப்புகளில் அதன் இடம் எழுதியிருக்கும். பெரும்பாலும் புரோகிராம்டேட்டாவுக்குள் வீம், பேக்கப், ஐஆர்கேஷ் என்று போகும். பழைய நிறுவல்களில் கடைசிப் பெயர் என்எஃப்எஸ்டேட்டாஸ்டோர். அந்த ஃபோல்டரை முழுதாக வேறு டிரைவுக்கு நகலெடுத்துவிடுங்கள். சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்து கோப்பு பூட்டியிருந்தால், அந்த டிரைவுக்கு ஒரு ஷேடோ காப்பி எடுத்து அதிலிருந்து நகலெடுக்கலாம். நகலெடுக்கும்போதே அந்த டிரைவில் எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். குறைந்தது 10 ஜிபி வேண்டும் என்பது வீமின் சொந்தப் பரிந்துரை. நாள் முழுக்க ஓடும் டேட்டாபேஸ் விஎம்முக்கு அது ஒரு மூலைக்கும் காணாது. கேஷ் டிரைவ் நிரம்பினாலும் விஎம் இதேபோல்தான் உறையும். சில நேரம் ரீஸ்டார்ட் செய்ய வைத்த மூலக் காரணமே அதுவாக இருக்கும்.

பேக்கப் சர்வர் பக்கம்

முதலில் ரெப்பாசிட்டரி டிரைவ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐஸ்கசி வழியாக வரும் எல்யுஎன் (நெட்வொர்க் வழியாகக் கிடைக்கும் டிஸ்க்) என்றால் விண்டோஸ் எழுந்த பிறகு டிஸ்க் 'ஆஃப்லைன்' என்று நிற்கலாம், டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம். லினக்ஸ் ரெப்பாசிட்டரி என்றால் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பேக்கப் கோப்பே கண்ணில் படாதபோது மற்ற சோதனைகளெல்லாம் வீண்.

பிறகு சர்வீஸ்கள். கான்ஃபிகரேஷன் டேட்டாபேஸ் (12ஆம் பதிப்பில் புதிதாக நிறுவியிருந்தால் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ்கியூஎல், பழையது என்றால் எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ்) முதலில் எழ வேண்டும், அதன் பிறகு வீம் பேக்கப் சர்வீஸ், அதோடு வீபவர் என்எஃப்எஸ் சர்வீஸ். என்எஃப்எஸ் சர்வீஸ் எழாமல் அடம்பிடித்தால் 111, 2049 ஆகிய போர்ட்களை வேறு யாராவது பிடித்திருக்கிறார்களா என்று நெட்ஸ்டாட்டில் பாருங்கள். விண்டோஸின் சொந்த 'சர்வர் ஃபார் என்எஃப்எஸ்' ரோல் அதே சர்வரில் போடப்பட்டிருப்பதே பெரும்பாலும் காரணம். மாதக்கணக்காக இரண்டும் சண்டையில்லாமல் இருந்ததுபோலத் தோன்றும். ரீஸ்டார்ட்டில் எது முதலில் எழுகிறதோ அது போர்ட்டை எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு கண்ணி உண்டு. மீட்டெடுத்த விஎம்களில் டொமைன் கன்ட்ரோலரும் (டொமைனின் லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்) ஒன்று, பேக்கப் சர்வரும் அதே டொமைனில் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ரீஸ்டார்ட் ஆகி எழும் பேக்கப் சர்வர் டொமைன் கன்ட்ரோலரைத் தேடும். அதுவோ இந்தச் சர்வரை நம்பி உறைந்து கிடக்கிறது. டொமைன் கிடைக்காததால் விண்டோஸ் தன் நெட்வொர்க்கை 'பப்ளிக்' என்று எடுத்துக்கொள்ளும். ஃபயர்வால் விதிகள் டொமைன் புரொஃபைலுக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தால் என்எஃப்எஸ் போர்ட்கள் அடைபடும். ஹோஸ்டால் மவுண்ட் செய்ய முடியாது. டொமைன் கன்ட்ரோலர் எழாது. சர்வீஸ் ஓடுகிறது, போர்ட் திறந்திருக்கிறது, பேக்கப் சர்வரிலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. ஹோஸ்டிலிருந்து மட்டும் எட்டாது. லோக்கல் அட்மினாக நுழைந்து பவர்ஷெல்லில் அந்த இணைப்பின் புரொஃபைலை 'பிரைவேட்' ஆக மாற்றி, என்எஃப்எஸ் விதிகள் பிரைவேட்டுக்கும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் முடிச்சு அவிழும். லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் தேடுவது வேறு கதை.

டிஎன்எஸ்ஸும் இதே வகை. டேட்டாஸ்டோர் ஐபி எண்ணால் மவுண்ட் ஆகாமல் பெயரால் மவுண்ட் ஆகியிருந்து, அந்தப் பெயரைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரும் உறைந்த விஎம்தான் என்றால், ஹோஸ்டின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்ப்பது போதும். ஹோஸ்ட்களை மேலாளும் விசென்டரே மீட்டெடுத்த விஎம்மாக இருந்தால் ஹோஸ்டுக்கு நேராக லாகின் செய்ய வேண்டும்.

ஹோஸ்ட் பக்கம்

எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து 'இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ ஸ்டோரேஜ் என்எஃப்எஸ் லிஸ்ட்' கொடுத்தால் டேட்டாஸ்டோர் அணுகக்கூடியதா என்று தெரியும். இல்லை என்று வந்தால் முதலில் விஎம்கேபிங், அடுத்து என்சி கட்டளையால் 2049, 111 போர்ட்களைத் தட்டிப் பாருங்கள். பிங் போகிறது, போர்ட் போகவில்லை என்றால் மேலே சொன்ன ஃபயர்வால் கதைதான். விஎம்கெர்னல் லாகில் இணைப்பு அறுந்த நேரமும் திரும்பக் கிடைத்த நேரமும் பதிந்திருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். விஎம்களுக்குள் எந்த நேரத்துப் பிழைகளைத் தேடுவது என்பதற்கு அந்த இடைவெளிதான் அளவுகோல்.

டேட்டாஸ்டோர் வந்துவிட்டால், உள்ளே விஎம்மின் ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். டேட்டாஸ்டோர் தெரிவதும் ஃபோல்டர் இருப்பதும் வேறு வேறு. இருந்தால் காத்திருங்கள், விஎம் தானாக அசையும். விசென்டரில் 'அணுக முடியவில்லை' என்று சாம்பல் நிறத்திலேயே நின்றால் விம்-சிஎம்டி கட்டளையில் அதன் எண்ணைக் கண்டுபிடித்து ரீலோட் கொடுத்தால் போதும். ரெஜிஸ்டரிலிருந்து நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்ப்பது கடைசி வழி. அப்படிச் சேர்த்து, எழுப்பும்போது 'நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா' என்று கேட்டால் 'நகர்த்தினேன்' என்றே சொல்லுங்கள். நகல் என்று சொன்னால் யுயுஐடியோடு மேக் முகவரியும் மாறி, விண்டோஸ் புதிய நெட்வொர்க் கார்டு வந்ததாக நினைத்து நிலையான ஐபியைத் தொலைக்கும். சென்ட்ஓஎஸ் 6 போன்ற பழைய லினக்ஸில் ஈத்0 ஈத்1 ஆகிவிடும்.

டேட்டாஸ்டோர் இருக்கிறது, ஃபோல்டர் இல்லை என்றால் செஷன் திரும்பப் பப்ளிஷ் ஆகவில்லை, அதாவது விஎம் மறுபடி ஹோஸ்டுக்குக் காட்டப்படவில்லை என்று பொருள். இங்கேதான் கை பரபரக்கும். கேஷ் ஃபோல்டரின் நகல் கையில் இருக்கிறது, ஜாப்கள் நிற்கின்றன என்றால் அவசரம் எதுவும் இல்லை. இப்போது தெரிய வேண்டியது ஒன்றுதான்: மீட்புக்கும் ரீஸ்டார்ட்டுக்கும் நடுவே எழுதப்பட்ட தரவு வேண்டுமா, வேண்டாமா?

வேண்டாம் என்றால் வேலை எளிது. அதே ரீஸ்டோர் பாயின்ட்டிலிருந்து புதிதாக மீட்டுக்கொள்ளலாம். பிரிண்ட் சர்வர், மாறாத வெப் சர்வர் போன்றவற்றுக்கு இதுவே சரி.

வேண்டும் என்றால், மாற்றங்கள் எங்கே எழுதப்பட்டன என்பதைப் பொறுத்தது. கேஷ் ஃபோல்டரில் ரீடூ லாக் என்றால் கைவைத்தியம் வேண்டாம். நகலோடும் லாக்குகளோடும் வீம் சப்போர்ட்டிடம் போவதே சரியான வழி. வேறு டேட்டாஸ்டோருக்குத் திருப்பிவிட்டிருந்தால் உங்கள் கையில் இருப்பது வழக்கமான விஎம்வேர் டெல்டா டிஸ்க், அதில் நீங்களே செய்யக்கூடியது உண்டு. அதே ரீஸ்டோர் பாயின்ட்டிலிருந்து அடிப்படை விஎம்டிகேயை (விஎம்மின் டிஸ்க் கோப்பை) முழுதாகப் புரொடக்‌ஷன் டேட்டாஸ்டோருக்கு மீட்டு, டெல்டாவின் விவரக் கோப்பில் பெற்றோர் பாதையை அதற்குத் திருப்பிவிட்டு, பெற்றோரின் சிஐடியும் (டிஸ்கின் உள்ளடக்க அடையாள எண்) டெல்டாவில் எழுதியிருக்கும் பெற்றோர் சிஐடியும் ஒத்துப்போகும்படி செய்வது. 'பிள்ளை டிஸ்க் உருவான பிறகு பெற்றோர் டிஸ்க் மாறிவிட்டது' என்ற பிழை வந்தால் இந்த எண்கள்தான் பொருந்தவில்லை. இதில் மீறக்கூடாத விதி ஒன்று: அடிப்படை டிஸ்கைத் தனியாக ஒருமுறைகூட பூட் செய்யாதீர்கள். ஒரே ஒரு பூட்டில் கோப்பு முறைமை மாறி, மேலே இருக்கும் டெல்டா அர்த்தமற்றதாகிவிடும். சிஐடியைக் கையால் திருத்தினால் பிழைச்செய்தி போகும், டிஸ்க் சரியாகாது. எல்லாவற்றையும் நகலில் செய்து, நெட்வொர்க்கை அவிழ்த்து வைத்து எழுப்பிப் பாருங்கள்.

விஎம்மைக் கட்டாயம் நிறுத்தியே ஆக வேண்டும், கன்சோலில் பவர் ஆஃப் வேலை செய்யவில்லை என்றால், இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ விஎம் பிராசஸ் பட்டியலில் அதன் வேர்ல்டு ஐடியை எடுத்து முதலில் சாஃப்ட், அடுத்து ஹார்ட், கடைசியில்தான் ஃபோர்ஸ்.

விஎம்முக்குள்ளே

எழுந்த விஎம் நலமாக இருக்கிறது என்று அதன் டெஸ்க்டாப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். லினக்ஸில் ஸ்கசி டிஸ்கின் காத்திருப்பு இயல்பாக 30 நொடி. விஎம்வேர் டூல்ஸ் போட்டிருந்தால் 180. விண்டோஸில் 60. ஏழு நிமிட இடைவெளி இதையெல்லாம் தாண்டியிருக்கும். ஆகவே எக்ஸ்ட்4 கோப்பு முறைமை பிழையைக் கண்டதும் தன்னைப் படிக்க மட்டும் என்று மாற்றிக்கொண்டிருக்கலாம். வெப்சைட் திறக்கும், லாகின் ஆகும், எதையும் சேமிக்க முடியாது. டிமெசேஜ், மவுண்ட் கட்டளைகள் இரண்டையும் ஓட்டிப் பார்த்தால் தெரியும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் அது முற்றிலும் நின்றுபோகும். அப்போது எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரை உடனே ஓட்டாதீர்கள். ஒருமுறை மவுண்ட் செய்தால் ஜர்னல் தானாக ஓடிச் சரிசெய்யும். ரிப்பேரின் பெரிய எல் (-L) ஆப்ஷன் ஜர்னலைத் துடைத்துவிடும் என்பதால் வேறு வழியே இல்லாதபோது மட்டும். விண்டோஸில் சிஸ்டம் லாகில் 129, 153 எண்கள் நிறைய இருந்தால் அவை காத்திருப்பின் தடயம். 55 இருந்தால் என்டிஎஃப்எஸ் சேதம், செக்டிஸ்க் தேவை. அதற்கு முன் டிஸ்கின் நகல்.

எஸ்கியூஎல் சர்வர் லாகில் 15 நொடிக்கு மேல் ஆன கோரிக்கைகளை 833 என்ற எண்ணில் எழுதியிருக்கும். அது தகவல்தான். டிபிசிசி செக்டிபி ஓட்டிய பிறகே டேட்டாபேஸ் சரி என்று சொல்ல வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் இன்னோடிபி பெரும்பாலும் தானே எழுந்துகொள்ளும். எழாவிட்டால் ஃபோர்ஸ் ரெக்கவரி மதிப்பை 1இலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 4ஐத் தொட்டால் தரவுக் கோப்புகளே கெடலாம் என்பதால் அங்கே போவதற்கு முன் மறுபடியும் நகல்.

கடிகாரத்தையும் பாருங்கள். உறைந்து எழுந்த விஎம்மின் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் பின்தங்கினால் கெர்பரோஸ் லாகின் மறுக்கும், பயனர்கள் 'பாஸ்வேர்டு தப்பு என்கிறது' என்று போன் செய்வார்கள்.

டொமைன் கன்ட்ரோலருக்குத் தனிக் கவனம் வேண்டும். அப்ளிகேஷன்-அவேர் (உள்ளிருக்கும் மென்பொருளோடு ஒத்துழைத்து எடுத்த) பேக்கப்பிலிருந்து மீட்ட டொமைன் கன்ட்ரோலர் முதல்முறை எழும்போது டைரக்டரி மீட்பு நிலைக்குப் போய், தானாக இன்னொருமுறை ரீஸ்டார்ட் ஆகி, பிறகுதான் வழக்கமான நிலைக்கு வரும். சேஃப் மோடு திரையைப் பார்த்துப் பயந்து நடுவில் அணைப்பவர்கள் உண்டு. பேக்கப் சர்வர் சரியாக அந்த இடைவெளியில் விழுந்திருந்தால் அது மீட்பு நிலையிலேயே மாட்டிக்கொள்ளலாம். பிசிடிஎடிட்டில் சேஃப்பூட் மதிப்பு இருக்கிறதா என்று பார்த்து நீக்கி எழுப்ப வேண்டும். மீட்பு நிலைக்கான டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்டு இதற்குத் தேவைப்படும்.

இன்னும் நுட்பமான சிக்கல், மாற்றங்களைத் தூக்கி எறிந்துவிட்டு அதே ரீஸ்டோர் பாயின்ட்டிலிருந்து இரண்டாம் முறை மீட்பதில் இருக்கிறது. முதல் மீட்பில் மூன்று மணி நேரம் ஓடிய டொமைன் கன்ட்ரோலர், தன் மாற்றங்களை மற்ற கன்ட்ரோலர்களுக்கு அனுப்பியிருக்கும். இரண்டாம் மீட்பில் அது அந்த மூன்று மணி நேரத்தை மறந்து எழும். சாதாரண கிராஷ் நிலை பேக்கப்பாக இருந்து, விஎம் ஜெனரேஷன் ஐடியும் உதவாவிட்டால் (விண்டோஸ் சர்வர் 2012 முதல்தான் அது உண்டு) யுஎஸ்என் ரோல்பேக் (மாற்றங்களுக்கான வரிசை எண் பின்னோக்கிப் போவது) ஆகி, 2095 என்ற எண்ணோடு ரெப்ளிகேஷனை நிறுத்திக்கொள்ளும். வேறு கன்ட்ரோலர் நலமாக இருந்தால், இதை மீட்பதைவிட டொமைனிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று அமைப்பதே நல்லது. அந்த மூன்று மணி நேரத்தில் கணினிக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்ட சாதாரண சர்வர் ஒன்று பின்னோக்கிப் போனாலும் டொமைன் நம்பிக்கை முறியும். 30 நாளுக்கு ஒருமுறை மாறுவது அன்றைக்கே வந்தால் அவ்வளவுதான். லோக்கல் அட்மினாக நுழைந்து டெஸ்ட்-கம்ப்யூட்டர்-செக்யூர்சேனல் கட்டளையை ரிப்பேர் ஆப்ஷனோடு ஓட்டினால் சரியாகும்.

பில்லிங் சர்வரில் இதன் விளைவு கணக்குப் பிரிவின் மேசைக்கே வந்துவிடும். தூக்கி எறிந்த மூன்று மணி நேரத்தில் அச்சிட்டு வாடிக்கையாளர் கைக்குப் போன பில் எண்களையே, மீண்டும் எழுந்த சர்வர் அடுத்தவருக்குக் கொடுக்கும். எண் வரிசையை முன்னே தள்ளி வைத்துவிட்டுத்தான் பயனர்களை உள்ளே விட வேண்டும். போன பில்களைத் தாளிலிருந்து திரும்பப் பதிவது பிறகு.

புரொடக்‌ஷனுக்கு நகர்த்துவது

விஎம்கள் எழுந்து நின்றவுடன் அடுத்த வேலை மைக்ரேஷன்தான். வசதியான வார இறுதிக்குத் தள்ளாதீர்கள். 1 ஜிபிபிஎஸ் நெட்வொர்க்கில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி போகும் என்று வைத்தால் 500 ஜிபிக்கு ஒன்றேகால் மணி நேரம், 2 டிபிக்கு ஐந்து மணி நேரம். அவ்வளவு நேரமும் அந்த விஎம் பேக்கப் சர்வரின் தயவில்தான். சந்தேகமான விஎம்மை முடிந்தால் உள்ளிருந்து முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு நகர்த்துங்கள். முக்கியமான டேட்டாபேஸ் என்றால் நகர்த்தத் தொடங்கும் முன் உள்ளிருந்தே ஒரு டம்ப் எடுத்து வெளியே வையுங்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு விஎம்களை நகர்த்தினால் அதே ரெப்பாசிட்டரி டிஸ்கைத்தான் எல்லாம் பிய்த்துக்கொள்ளும். வேலை நேரத்துக்குத் தேவையானதை முதலில் நகர்த்திவிட்டு மற்றதை வரிசையில் நிறுத்துங்கள். விண்டோஸ் அப்டேட்டை இப்போதாவது நிறுத்திவிட்டீர்களா?

மைக்ரேஷன் முடிந்ததும் ஹோஸ்டில் வீம் டேட்டாஸ்டோர் செயலற்ற பதிவாக ஒட்டிக்கொண்டிருந்தால், அதில் எந்த விஎம்மும் பதிவில் இல்லை என்று உறுதிசெய்த பிறகு நீக்குங்கள். ஒரு ஹோஸ்டில் என்எஃப்எஸ் டேட்டாஸ்டோர்கள் இயல்பாக 8தான் என்ற வரம்பு பல பதிப்புகளில் உண்டு. செத்த பதிவுகள் அதை அடைத்துக்கொண்டால் அடுத்த மீட்பு மவுண்ட்டிலேயே தோற்கும். விஎம்மின் ஸ்னாப்ஷாட் பட்டியல் காலியாக இருந்தும் 'கன்சாலிடேஷன் தேவை' என்று வந்தால் ஓட்டிவிடுங்கள். ரைட் கேஷ் நகலை ஒரு வாரமாவது வைத்திருந்து, கணக்குப் பிரிவு சரி என்று சொன்ன பிறகு அழியுங்கள். கடைசியாக ஜாப்களை இயக்கும்போது, மீட்டெடுத்த விஎம்முக்கு விசென்டரில் புதிய அடையாள எண் வந்திருக்கும் என்பது நினைவிருக்கட்டும். பழைய ஜாப் அதைக் கண்டுகொள்ளாமல் விடும், அல்லது புது விஎம் என்று எடுத்துக்கொண்டு ஃபுல் பேக்கப் எடுக்கும். ஜாப்பில் அதைத் திரும்பச் சேர்த்து, அந்த ஃபுல்லுக்கு ரெப்பாசிட்டரியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இயக்குங்கள்.